வாரத்துக்கு ரெண்டு தடவை

டாக்டரம்மா அதைச் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. வயசு என்ன, எடை என்ன, வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்ட அதே குரலில், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"வாரத்துக்கு எத்தனை தடவை சேருவீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த கணவன் முந்திக்கொண்டான்.

"ரெண்டு தடவை டாக்டர். சில வாரம் மூணு."

டாக்டரம்மா ஒரு கட்டத்துக்குள் அதை எழுதிக்கொண்டார். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் கருப்பையை, பழுது பார்க்க வந்த சாமானைப் பார்ப்பதுபோல உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. அவர்கள் கடைசியாகச் சேர்ந்து அன்றைக்குப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

அப்போதே அவள் "இல்லை டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது பாதி நடந்திருக்காது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் அவளுக்குப் பெருமை சேர்ப்பது அல்ல.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதி அவன் கையால் ஏறி இறங்குகிறது என்று சொல்லிக்கொள்வான். நகத்தடியில் எப்போதும் கிரீஸ் இருக்கும். வாய் நிறையப் பேச்சு, பேச்சு நிறையக் கேலி. அவள் ஒரு பெரிய சலவைக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரித்து, துவைத்து, ஆள் உயர உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற இடம். கல்யாணமான புதிதில் அவன் கேட்பான்: "இன்னைக்கு எத்தனை பேரு தூங்காம இருந்திருக்காங்க?" அவள் முறைப்பாள். முறைப்பு முடிவதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

முதல் மூன்று வருஷம் அவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, கருகி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை இரண்டு பேருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. அந்தப் பாத்திரத்தை உட்கார்ந்து தேய்த்தவன் அவன்தான். தேய்த்துக்கொண்டே பாடினான்.

நாலாவது வருஷம் பிள்ளை வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். ஆறு மாதம் சும்மா காத்திருந்தார்கள். அப்புறம் அவள் தேதி எழுத ஆரம்பித்தாள். எந்த நாள் தீட்டு வந்தது என்று போனில் குறிப்பாள், எந்த நாள் கருமுட்டை வெளியாகும் என்று போன் கணக்குப் போட்டு மணி அடித்துச் சொல்லும். மற்ற நாளில் அவன் கிட்டே வந்தால், "இன்னைக்கு வேண்டாம், சேத்து வைங்க" என்பாள். மணி அடித்த நாளில் அவன் களைத்து வந்தாலும் விடமாட்டாள். படுக்கையறையும் கம்பெனிபோல ஆகிவிட்டது. அங்கேயும் அவளே சூப்பர்வைசர்.

இப்படியே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் காலை ஐந்தே காலுக்குப் போன் மணி அடித்தது. ஆறு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். முந்தின நாள் முழுக்க ஒரு கட்டடத்தில் லிஃப்டின் இரும்புக் கயிறு மாற்றிவிட்டு வந்து, அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தவனை உலுக்கினாள். அவனும் எழுந்தான், மறுக்கவில்லை. நடுவில் அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. போனதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சீக்கிரம் முடிங்க, கம்பெனி வண்டி போயிடும்."

அவன் அசையாமல் இருந்தான். பிறகு விலகி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "சரி, நீ கிளம்பு" என்றான்.

இன்னொரு மாதம் வீணாகப் போகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இதைக்கூட உங்களால உருப்படியா செய்ய முடியாதா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். வண்டியைப் பிடித்துவிட்டாள். ஜன்னலோர இருக்கைகூடக் கிடைத்தது.

அடுத்த மாதமும் அவன் முயன்று பார்த்தான், உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. பிறகு முயல்வதையே விட்டுவிட்டான். முதுகுவலி என்று முன்னறை சோபாவுக்கு மாறினான். அவசர அழைப்பு என்று கிளம்பிப் போனான். இந்த நகரத்தில் இத்தனை பேர் லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அதுவும் சரியாக அவளுடைய பன்னிரண்டாம் நாளும் பதினாலாம் நாளும் பார்த்து.

அவள் மன்னிப்புக் கேட்டாள், ஒரு தடவை அல்ல. "அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல, விடு" என்று ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னான். சொல்லிவிட்டு டிவியைப் போட்டான்.

ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கியது அவனுடைய அக்கா, அவளுக்கு அண்ணி. அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே குடியிருந்தாள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் என்பதால் அவள் சொல்லுக்கு வீட்டில் அப்பீல் கிடையாது. "ஏழு வருஷம் ஆச்சு. இனி என்ன பாத்துக்கிட்டு இருக்கறது? இவள ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டு" என்றாள். 'இவள' என்றுதான் சொன்னாள். 'உங்க ரெண்டு பேரையும்' என்று சொல்லவில்லை.

முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில், அவள் கேட்டாள்.

"ஏங்க அப்படிப் பொய் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்லணும்? பொண்டாட்டி பக்கத்துல போகவே முடியலன்னு எழுதிக் குடுக்கவா?"

"டாக்டர்கிட்ட சொன்னா என்ன? அவங்க பாக்காததா?"

"சரியாயிடும். ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும். அதுக்குள்ள எதுக்கு ஊர் முழுக்கத் தமுக்கடிக்கணும்?" என்றவன், குரலைத் தாழ்த்தி, "தயவுசெஞ்சு விட்டுடு" என்றான்.

அந்தத் 'தயவுசெஞ்சு' அவளைக் கட்டிப்போட்டது. கெட்டது தன் வாயால் கெட்டது, அதற்கு நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் என்ன என்று நினைத்தாள். வாயை மூடிக்கொண்டதற்கு உடம்பு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு ஸ்கேன். பிறகு கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, உள்ளே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். "லேசா வலிக்கும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மேசையின் இரும்பு விளிம்பை அவள் இறுக்கிப் பிடித்ததில் கட்டைவிரல் நகம் பிளந்தது. குழாய் இரண்டும் திறந்தே இருந்தன. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார்.

அவனுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு அவனை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இன்றைக்கு உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று பயந்தாள். கொஞ்சம் ஆசையும் பட்டாள். பத்து நிமிஷத்தில் அவன் வந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். இரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் ஒரு பழுதும் இல்லை.

அந்தத் தாளை அவள் மடித்துக் கைப்பையில் வைத்தாள். பூட்டிய அறைக்குள் தனியாக இருந்தால் முடிகிறது. தான் பக்கத்தில் இருந்தால்தான் முடியவில்லை. அப்படியானால் நோய் என்று ஒன்று தனியாக இல்லை, நோயே நான்தான். இதை யாரிடம் சொல்லி அழுவது?

மாத்திரை ஆரம்பித்தது. மாத்திரைக்குப் பிறகு ஊசி. தீட்டு வந்த மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்துக்கு வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும். கம்பெனியில் துணி மாற்றும் அறையில், இரும்பு அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று, சட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்வாள். தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. உடம்பு ஊதியது. இஸ்திரி உருளைகளின் சூட்டில் நிற்கும்போது உள்ளிருந்தும் ஒரு சூடு கிளம்பித் தலைக்கு ஏறும். காரணமில்லாமல் அழுகை வரும்.

இயந்திரத்தில் அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று விரிப்பைப் பிடிக்கிற வயதான அக்கா ஒருத்தி கேலி பேசுவதில் கெட்டிக்காரி. ஒரு நாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, ஊரார் லிஃப்ட மேல ஏத்துனா மட்டும் போதாதுன்னு!" வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்களே.

டாக்டரம்மா ஒவ்வொரு மாதமும் சீட்டில் மூன்று தேதிகளை எழுதி, கீழே கோடு போட்டுக் கொடுப்பார். "இந்த மூணு நாள் மட்டும் தவற விடாதீங்க." அவன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைப்பான். அந்த மூன்று நாளும் வரும், போகும். முட்டை வளர்ந்து, வெடித்து, யாரையும் பார்க்காமல் அழிந்து போகும். மாதக் கடைசியில் அவளுக்குத் தீட்டு வரும். அதைச் சொன்னால் டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கி, "எல்லாம் சரியாத்தான இருக்கு, ஏன் நிக்க மாட்டேங்குது?" என்று மருந்தின் அளவைக் கூட்டுவார்.

குழந்தை ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு அவன் வேண்டியிருந்தான். அவனுடைய கனம், கழுத்தில் அடிக்கிற அந்த எண்ணெய் வாடை, காதுக்குள் சொல்கிற அசட்டுக் கேலி எல்லாம் வேண்டியிருந்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சீட்டில் எழுதாத ஒரு நாளாகப் பார்த்து, புதிதாக வாங்கிய மெல்லிய உடுப்பைப் போட்டுக்கொண்டு சோபாவில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தலையை அவன் தோளில் சாய்த்தாள். அவன் உடம்பு விறைத்ததை அவளால் உணர முடிந்தது. வேலை நன்றாக முடிந்தால் கூட்டாளியின் முதுகில் தட்டுவார்களே, அந்த மாதிரி இரண்டு தட்டுத் தட்டினான்.

"நல்லா இருக்கு. புதுசா?" என்று கேட்டுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

பிள்ளை இல்லை என்று அழுதால், கூடவே உட்கார்ந்து அழ ஆள் உண்டு. புருஷன் தொடவில்லை என்று எந்த முகத்தோடு யாரிடம் போய் அழுவாள்? உடுப்பை மடித்து அலமாரியின் அடியில் வைத்தாள்.

இதற்கிடையில் அண்ணியின் கடைசி மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. மத்தியானம் சொந்தக்காரர்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். அவள் சமையலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவனுடைய சித்தப்பா யாருக்கும் புரியாத மாதிரி பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் புரியும்படி பேசிக்கொண்டிருந்தார்: "எத்தனை நாளுக்குத்தான் காத்திருப்ப? உனக்கும் வயசு ஏறுது. ஆம்பளைக்கு வேற வழியா இல்ல?"

குழாயை மூடிவிட்டு அவள் காது கொடுத்தாள்.

"அந்தப் பேச்சே வேண்டாம் சித்தப்பா" என்றது கணவனின் குரல். "அவளுக்குத்தான் கொஞ்சம் பிரச்சனை இருக்கு, வைத்தியம் நடக்குது. அதுக்காக நடுத்தெருவுல விட்ற முடியுமா? நான் ஏத்துக்கிட்டேன். பிள்ளை இல்லேன்னாலும் பரவால்ல, அவ போதும் எனக்கு."

 கூடத்தில் ஆளாளுக்கு அவனைப் பாராட்டினார்கள். சித்தப்பாவே, "தங்கமான மனசுடா உனக்கு" என்றார். அண்ணி சமையலறைக்குள் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் ஈரக் கையைப் பிடித்தாள்.

"கேட்டியா? இப்படி ஒரு புருஷன் யாருக்கும்மா கிடைப்பான்? நீ குடுத்து வச்சவ."

"ஆமா அண்ணி" என்றாள் அவள். தட்டுகள் இன்னும் ஒன்பது இருந்தன. ஒன்பதையும் கழுவி, துடைத்து, அடுக்கி வைத்தாள். அவன் பொய் சொன்னது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பொய்யை வைத்து அவன் நல்ல பெயர் வாங்கியதுதான் ஆறவில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் போனார்கள். மேசை மேல் அவளுடைய கோப்பு ஒரு தலையணை கனத்துக்கு இருந்தது.

"எட்டு மாசம் ஆச்சு. முட்டை நல்லா வருது, குழாய் நல்லா இருக்கு, அவருக்கும் குறை இல்ல. அப்ப ஸ்கேனுக்குத் தெரியாம உள்ள ஏதோ இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "மயக்க மருந்து குடுத்து, வயித்துல மூணு சின்ன துளை போட்டு, கேமரா விட்டுப் பாத்துடலாம். ஒரு நாள் இங்க தங்கணும்."

"செஞ்சிடலாம் டாக்டர்" என்றான் அவன் உடனே. "அவளுக்கு நல்லதுன்னா எதுவா இருந்தாலும் செஞ்சிடலாம்."

சம்மதப் பத்திரம் வந்தது. அவன் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பத்திரத்தில் பெட்டிபோல ஒரு கட்டம் இருந்தது, அவள் பெயர் எழுத. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"டாக்டர், முதல் நாள் ஒரு கேள்வி கேட்டீங்க. வாரத்துக்கு எத்தனை தடவைன்னு."

"ஆமாம்?"

"அவர் சொன்னது பொய். நாங்க சேர்ந்து இருபத்திரண்டு மாசம் ஆச்சு."

 அவன் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து, "ஆபரேஷன்னதும் பயந்துட்டா டாக்டர், என்ன பேசறோம்னு தெரியாம..." என்று ஆரம்பித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவன் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வெளியே போனான். கதவு அவனுக்குப் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

டாக்டரம்மா கோப்பை ஒரு தடவை புரட்டிவிட்டு மூடினார். "அப்ப இத்தனை மாசமா நான் ஊசி எழுதிக் குடுத்தது எதுக்கும்மா? எத்தனை கடுமையான மருந்து தெரியுமா அதெல்லாம்? நீ ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேட்டீங்க, அவர் சொன்னார், நீங்க எழுதிக்கிட்டீங்க" என்றாள் அவள். "என்னை யாரு கேட்டா டாக்டர்?"

டாக்டரம்மா மணியை அடித்து அவனை உள்ளே கூப்பிட்டார். அவன் வந்து, நாற்காலியின் நுனியில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையன்போல உட்கார்ந்தான். டாக்டரம்மா திட்டவில்லை. பிள்ளைக்காகத் தேதி பார்த்துச் சேர்கிற எத்தனையோ தம்பதிகளுக்கு இப்படி ஆவதுண்டு, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். "மூணாவது மாடியில இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார். ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. அஞ்சாறு மாசம் ஆகலாம், ஆனா பெரும்பாலும் சரியாயிடும். இல்ல, குழந்தை மட்டும் சீக்கிரம் வேணும்னா, உங்க விந்தை எடுத்து நாங்களே டியூப் வழியா அவங்க கருப்பையில வச்சிடலாம். அதுக்கு நீங்க சேரணும்னு அவசியம் இல்ல."

"ரெண்டாவதே செஞ்சிடலாம் டாக்டர்" என்றான். மூச்சு விடக்கூட அவன் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "அது யாருக்கும் தெரியாதுல்ல?"

லிஃப்டில் இறங்கினார்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, அவன் நின்றான்.

"ஒரே நிமிஷத்துல என் மானத்த வாங்கிட்டல்ல?"

"உங்க மானம் எட்டு மாசமா என் வயித்துல ஊசியா இறங்குச்சு. அப்ப வலிக்கலையா உங்களுக்கு?"

"நான் வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செய்யல. தெரிஞ்சு செஞ்சீங்க. சித்தப்பா முன்னாடி என்ன சொன்னீங்க? ஏத்துக்கிட்டீங்களாமே என்னை? எந்தக் குறைய ஏத்துக்கிட்டீங்க? சொல்லுங்க, எந்தக் குறைய?"

அவன் ஒரு தூணில் கையை ஊன்றிக்கொண்டான். "அன்னைக்குக் காலையில நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன்!"

"நீ கேட்ட" என்றான். "என் உடம்புக்குத்தான் கேக்கல."

 இத்தனை நாளில் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று அவளுக்குப் பட்டது. ஒரு கணம் அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. கிட்டே ஓர் அடி வைத்தாள். அவன் பின்னால் ஓர் அடி நகர்ந்தான். அவன் யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக நகர்ந்தது. அதைப் பார்த்த பிறகு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

வீட்டில் பத்து நாள் பேச்சில்லை. பதினோராம் நாள் அவள் கணக்காகச் சொன்னாள்: "மூணாவது மாடி டாக்டர்கிட்ட ஒரே ஒரு தடவை வாங்க. அப்புறம் நீங்க சொல்ற டியூபுக்கு நான் படுக்கறேன்." அவன் தலையாட்டினான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான்.

"என்ன சொன்னார் டாக்டர்?"

"உள்ள போகல."

காத்திருக்கும் இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம். அவன் லிஃப்ட் பார்க்கிற ஒரு கட்டடத்தின் காவலாளி, தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனவன், "அண்ணே, இங்க எங்க?" என்று கேட்டானாம். லிஃப்ட் பழுது பார்க்க வந்தேன் என்று இவன் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டானாம்.

"இன்னொரு நாள் போலாம்" என்றாள் அவள்.

"இங்க பாரு. உனக்குக் குழந்தை வேணுமா, வேண்டாமா? அதச் சொல்லு."

குழந்தை வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. முப்பத்தைந்து முடிந்திருந்தது. கம்பெனியில் ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரிக்கும்போது, பிரசவ வார்டிலிருந்து வரும் சின்னத் துணிகளை அவள் வேறு யாரையும் தொடவிடமாட்டாள். அவளுக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசையின் கழுத்தில்தான் அவன் கயிறு போட்டு இழுத்தான், அவளும் போனாள்.

முதல் தடவை நிற்கவில்லை. இரண்டாம் தடவை நின்றது. அவள் மேசையில் கால்களை விரித்துப் படுத்திருந்த அந்தப் பதினைந்து நிமிஷமும் அவன் வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றும்போது, எதுவும் பேசாமல் அவள் முழங்காலை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார். அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. வெகு நாளைக்குப் பிறகு இன்னொரு மனித உடம்பின் சூடு.

செய்தி தெரிந்ததும் வீடு தலைகீழாக மாறியது. அண்ணி தினமும் மேலே ஏறி வந்தாள். சித்தப்பா போன் செய்தார். அவனுக்குப் பழைய பேச்சும் கேலியும் திரும்பிவிட்டன. கூட வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்து முதுகில் தட்டி, "ஜெயிச்சுட்டீங்க போல!" என்றபோது அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நாம யாரு!" என்றான். அக்காவின் முன்னால், எல்லாரும் பார்க்க, அவள் வயிற்றில் கையை வைத்து, "உள்ள என்ன பண்ற?" என்று கேட்டான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆசையாக அவள் பக்கம் வராத கை அது. இப்போதும் அவளிடம் வரவில்லை. அவளுக்குள் இருந்த இன்னொருவரிடம்தான் வந்தது. அவள் அசையாமல் நின்று, அது எடுக்கப்படும்வரை காத்திருந்தாள்.

நாலாம் மாதம் லேசாக ரத்தம் பட்டது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். பணியிலிருந்த டாக்டர் சின்னப் பெண். இவர்கள் கதை அவளுக்குத் தெரியாது. ஸ்கேன் பார்த்து, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஓய்வு எடுத்தால் போதும் என்றாள். பிறகு இரண்டு பேரையும் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்:

"ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருக்கணும். பிரசவம் வரைக்கும் ரெண்டு பேரும் சேரவே கூடாது. கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா கட்டுப்பாடா இருங்க."

அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குத் திடீரென்று லீவு விட்டால் பிள்ளைகள் முகம் எப்படி மலரும், அப்படி மலர்ந்தது.

"கண்டிப்பா டாக்டர்" என்றான். "அத அப்படியே சீட்டுலயும் எழுதிக் குடுத்துடுங்களேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். சின்ன டாக்டர் பதறிப்போய், "வயித்தக் குலுக்காதீங்க, வயித்தக் குலுக்காதீங்க" என்றாள். அவன் ஒன்றும் புரியாதவன்போல ஜன்னலைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டைச் சாமான் பட்டியல் ஒட்டுகிற இடத்தில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். மாலையில் வந்த அண்ணி அதைப் படித்துவிட்டு, "பாவம், ஆம்பளப் பிள்ளைக்குக் கஷ்டம்தான்" என்று தம்பிக்காக இரக்கப்பட்டாள்.

அண்ணி போன பிறகு அவள் கேட்டாள்: "குழந்தை பொறந்ததுக்கு அப்புறம்?"

"என்ன அப்புறம்?"

"அப்புறமும் இப்படியேதானா நாம?"

அவன் ரிமோட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "அத அப்போ பாத்துக்கலாம். இப்போ குழந்தை நல்லபடியா வரட்டும்."

"சரி" என்றாள்.

சின்ன அறையில் கிடந்த பெட்டிகளையும் பழைய மின்விசிறியையும் வெளியே எடுத்து வைத்தாள். கனமான சாமானைத் தூக்காதே என்று அவன் ஓடி வந்து உதவி செய்தான். அங்கே ஒற்றைக் கட்டிலைப் போட்டு, தன் துணிமணிகளையும் தலையணையையும் கொண்டுபோய் வைத்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கட்டில் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்துக் கொடுத்தான்.

பெண் குழந்தை பிறந்தது. மூக்கு அப்படியே தம்பி மூக்கு என்றாள் அண்ணி. அவன் நல்ல தகப்பன். அதில் பொய் இல்லை. துணி மாற்றினான், குளிப்பாட்டினான், தோளில் போட்டுக் கூடத்தில் நடந்து நடந்து தூங்க வைத்தான். குழந்தையை அவளிடம் கொடுக்கும்போது மட்டும், கை மேல் கை படாமல், மிகவும் ஜாக்கிரதையாகக் கொடுத்தான். அவளும் அதே ஜாக்கிரதையோடு வாங்கிக்கொள்ளப் பழகினாள்.